இளையதம்பியின் வெள்ளை வேன்

இளையதம்பி பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கத் தொடங்கியபோது வெள்ளை வேன் என்பது வெறும் வெள்ளை வேன்தான். அடுத்த வருடத்திற்குள் அது வேறொன்றாகிவிட்டது. இலக்கத்தகடு இல்லாத வெள்ளை வேன்களில் ஆட்கள் காணாமற்போகத் தொடங்கினார்கள். அதன்பிறகு அவருடைய வேன் கல்லடியில் ஓர் ஒழுங்கைக்குள் திரும்பினால், முற்றத்தில் நின்ற பெண்கள் முதலில் தகட்டைப் பார்த்தார்கள், பிறகு ஓட்டுபவரின் முகத்தைப் பார்த்தார்கள், அதற்குப் பிறகுதான் பிள்ளையின் கையை விட்டார்கள். அவர் அதற்குக் கோபப்பட்டதில்லை. அவரும் ஒரு பெண்பிள்ளையின் தகப்பன்.

அதற்கு முன்பு அவர் நாவலடியில் இருந்தவர். வாவியில் வலை போட்டு, காலையில் பட்ட இறாலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் வீடு வீடாக விற்பார். சுனாமி அவருடைய தோணியையும் வீட்டையும் மனைவியையும் கொண்டுபோனது. மகள் யதுசாவைக் கூட்டிக்கொண்டு அன்று காலை டவுனுக்குப் போயிருந்ததால் இருவரும் மிஞ்சினார்கள். மனைவியின் உடலைக் காத்தான்குடிக் கரையில் கண்டவர் ஜெமீலா என்ற பெண். இளையதம்பியிடம் வழக்கமாக இறால் வாங்குபவர், வீட்டில் வைத்துச் சேலை வியாபாரம் செய்பவர். கரையில் கிடப்பது யாருடைய மனைவி என்று அவருக்குத் தெரியாது. தன் வீட்டுப் படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து மூடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வரும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தார். கால்விரலில் மிஞ்சி கிடந்ததைப் பார்த்து, இந்தப் பெண்ணைத் தேடி யாராவது தமிழ் ஆட்கள் வந்தால் தன்னிடம் அனுப்பும்படி தெருவெல்லாம் சொல்லிவைத்தார். அதனால்தான் இளையதம்பிக்கு அடக்கம் செய்ய ஓர் உடல் கிடைத்தது. அன்றிலிருந்து அவர் ஜெமீலாவை, முஸ்லிம்கள் அக்காவை அழைப்பதுபோல, ராத்தா என்று கூப்பிட்டார்.

கடலும் வாவியும் அதன்பின் அவருக்குப் பிடிக்கவில்லை. கட்டாரில் இருந்த மைத்துனரின் உதவியோடு பழைய வேன் ஒன்றை எடுத்து, கல்லடியில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்து, பள்ளிக்கூட ஓட்டத்தைத் தொடங்கினார்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு பங்குனி மாதம். சித்திரை விடுமுறைக்கு முன்பு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து விளையாட்டுப் போட்டி வைப்பது வழக்கம். சுனாமிக்கு அடுத்த வருடம் அது நடக்கவில்லை, மைதானம் முழுக்க அகதிகளின் கூடாரங்கள். இந்த முறை கட்டாயம் நடத்த வேண்டும் என்று பள்ளிக்கூட அதிபர் முடிவெடுத்தார். தவணைப் பரீட்சை காலையில் நடந்தது, பின்னேரம் பயிற்சி. தென்னோலையும் பனையோலையும் கொண்டுவந்து பிள்ளைகள் தங்கள் இல்லத்துப் பந்தல்களைச் சோடித்தார்கள். பாண்ட் வாத்தியக்காரர் தப்பும் தவறுமாக ஒரே மெட்டைத் திருப்பித் திருப்பி அடித்தார்கள். சிறிய பிள்ளைகள் உடற்பயிற்சிக்காகக் கையில் வண்ணக் காகிதப் பூவோடு வெயிலில் நின்றார்கள்.

தாமரை இல்லத்தின் அணிநடைத் தலைவி மேனுகா. பதினோராம் ஆண்டு படித்தவள், வயதுக்கு மீறிய உயரம். கொடியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு அவள் கட்டளை கொடுத்தால் பின்னால் வரும் வரிசை ஒரு காலாக நடக்கும். விளையாட்டு ஆசிரியர் ஜெயரூபன் அவளைக் காட்டித்தான் மற்ற இல்லத்துப் பிள்ளைகளைப் பேசுவார்.

அந்த நாட்களில்தான் மோட்டார் சைக்கிளில் ஒருவன் வந்து மதிலோரம் நின்று பயிற்சி பார்க்கத் தொடங்கினான். முதல்நாள் யாரும் பொருட்படுத்தவில்லை. மறுநாளும் வந்தான். ஜெயரூபன் போய், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, சும்மா விளையாட்டுப் பார்க்க வந்ததாகச் சொல்லிச் சிரித்தான். பிறகு தண்ணீர் குடிக்கப் போன சின்னப் பிள்ளையிடம், கொடி பிடித்திருக்கும் அந்த அக்கா யாருடைய மகள் என்று கேட்டிருக்கிறான். பிள்ளை தெரிந்ததைச் சொல்லிவிட்டது.

ஊரில் ஏற்கெனவே இயக்கத்தில் சேர்த்துச் சண்டைக்கு அனுப்பப் பிள்ளை பிடிக்கும் கதை நடந்துகொண்டிருந்தது. பிடிப்பவர்கள் யார் என்று ஒருவரும் பெயர் சொல்லமாட்டார்கள். இவங்கள் என்றால் பிரிந்துபோன இயக்கத்தின் ஒரு பகுதி, அவங்கள் என்றால் மற்றப் பகுதி. கண்ணைக் காட்டும் திசையை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஆசிரியர்களின் அறையிலும் கதை அடங்கிப்போயிற்று. புதிதாக மாற்றலாகி வந்த கணித ஆசிரியர் உள்ளே வந்தால் மற்றவர்கள் பரீட்சைத் தாள்களை எடுத்துக்கொண்டார்கள். சிற்றுண்டிச்சாலைக்காரர் ஏன் இரண்டு போன் வைத்திருக்கிறார் என்று ஒருவர் கேட்டார். பயிற்சி நேரத்தை யார் வெளியில் சொல்கிறார்கள் என்று அதிபருக்கே ஒரு சந்தேகம் இருந்தது, யார்மீது என்று அவர் சொல்லவில்லை.

மேனுகாவின் தாய் இராசாத்தி தையல்காரி. கணவன் வெளிநாட்டில் கட்டட வேலை. மேனுகாவுக்குக் கீழே ஒரு சின்ன மகன். கொடி பிடித்த பிள்ளையை ஒருவன் விசாரித்த கதை அன்று பொழுதுபடுவதற்குள் அவர் காதுக்கு வந்துவிட்டது. மறுநாள் இளையதம்பி பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் நேரம் பார்த்து அவருடைய வீட்டுக்குப் போனார். சுனாமியன்று இளையதம்பியின் மனைவிக்கு நடந்ததும், அவருக்குக் காத்தான்குடியில் ஒரு ராத்தா இருப்பதும் இராசாத்திக்குத் தெரியும். அங்கே தன் மகளை மறைத்துவைக்க முடியுமா என்று கேட்டார்.

காணவில்லை என்று தெரிந்தால் தேடுவார்களே என்று இளையதம்பி சொன்னார். இராசாத்தி அதையெல்லாம் யோசித்து முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கத்துவன், என்ட மகளப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க எண்டு. இவங்கள், அவங்கள் கொண்டுபோன எண்டு நினைப்பாங்க. அவங்கள், இவங்கள் எண்டு நினைப்பாங்க. ஆரும் ஆரிட்டயும் போய்க் கேக்கப்போறல்ல."

இளையதம்பி ராத்தாவைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். வீடு எந்த ஒழுங்கையில் என்று இராசாத்தி கேட்டதற்கு, தெரியாமலிருப்பதுதான் நல்லது என்றார்.

ஜெமீலாவின் மகள் றமீஸாவும் மேனுகாவும் ஒரே வயது. றமீஸாவின் வெள்ளைப் பள்ளிச் சீருடையையும் தலையை மூடும் துணியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, ஜெமீலா பஸ்ஸில் இடைவழியில் இருக்கும் நாவற்குடாவுக்கு வந்து இறங்கி நின்றார். அன்று பயிற்சி முடிந்து மற்றப் பிள்ளைகளையெல்லாம் இறக்கிய பின், மேனுகா மட்டும் வேனுக்குள் இருந்தாள். ஜெமீலா ஏறினார். வேன் ஒரு மரத்தடியில் கொஞ்சம் நின்றது. திரும்பப் புறப்பட்டபோது உள்ளே ஒரு தாயும் மகளும் இருந்தார்கள்.

சோதனைச் சாவடியில் பொலிஸ்காரர் யன்னலுக்குள் குனிந்து பார்த்தார். யார் இந்தப் பிள்ளை என்று கேட்டார். தன் மகள், காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு வருகிறேன் என்று ஜெமீலா சொன்னார். பொலிஸ்காரர் மேனுகாவையே பார்த்தார். மேனுகாவுக்கு உண்மையாகவே உடம்பு நடுங்கியது. அதைப் பார்த்துக் காய்ச்சல் என்று நம்பினாரோ என்னவோ, கையை அசைத்துப் போகச் சொன்னார்.

மறுநாள் காலை இராசாத்தி தலையை விரித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்து அழுதார். பயிற்சிக்கு வந்த மகள் வீடு திரும்பவில்லை என்றார். மோட்டார் சைக்கிள்காரனைப் பற்றி எல்லோரும் ஒருவர் காதில் ஒருவர் சொன்னார்கள். இராசாத்தி கணக்குப்போட்டபடியே எல்லாம் நடந்தது.

ஒன்று மட்டும் கணக்கில் வரவில்லை. மேனுகாவின் சினேகிதி கம்சாயினி, மேனுகா முதல்நாள் இளையதம்பியின் வேனில் ஏறியதைப் பார்த்திருந்தாள். எப்போதும் தன்னோடு சைக்கிளில் வருபவள் ஏன் வேனில் ஏறினாள் என்று அவளுக்கு அப்போதே யோசனை. கேட்டவர்களுக்கெல்லாம் உள்ளதைச் சொன்னாள்.

இளையதம்பியை அதிபர் கூப்பிட்டு விசாரித்தார், பிறகு பொலிஸ் விசாரித்தது. கால் சுளுக்கி விட்டது என்று பிள்ளை ஏறினாள், சந்தியில் இறக்கிவிட்டேன் என்று அவர் சொன்னார். எந்தச் சந்தி, யார் கண்டது என்று கேட்டார்கள். யாரும் காணவில்லை. அவரை விட்டுவிட்டார்கள், ஆனால் ஊர் விடவில்லை. நாவலடியில் எல்லாவற்றையும் இழந்தவனுக்கு வேன் எங்கிருந்து வந்தது என்று பேசினார்கள். சுனாமிக்குப் பிறகு யார் யாரெல்லாமோ வந்து போனார்களே, அவர்களில் யாராவது வாங்கிக் கொடுத்திருப்பார்கள் என்றார்கள். அடுத்த கிழமைக்குள் வேனில் யதுசாவும் இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகளும்தான் மிச்சம். அவர்களும் யதுசாவின் பக்கத்தில் இருக்கவில்லை.

ஒருநாள் சோறு தின்னும்போது யதுசா கேட்டாள்.

"அப்பா, மேனுகா அக்காவ எங்க கொண்டு விட்டீங்க?"

மகளுக்கு ஒன்பது வயது. சொன்னால் ஒளிக்கத் தெரியாத வயது. அவர் சாப்பிடச் சொன்னார். அவள் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, வேறெதுவும்கூட அதிகமாகக் கேட்கவில்லை.

விளையாட்டுப் போட்டி நடந்தது. பிரதம விருந்தினருக்கு மாலை போட்டார்கள், கொடியேற்றினார்கள், தாமரை இல்லத்தின் கொடியைக் கம்சாயினி பிடித்தாள். வரிசை இரண்டு இடத்தில் கால் தப்பியது. பெற்றோர் பந்தலுக்குள் இருந்து பிள்ளைகளைப் பார்க்காமல் மதிலோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சல் ஓட்டம் முடிந்ததும் பரிசளிப்பைக்கூடப் பாராமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெயிலோடு வீடு போனார்கள்.

இதற்கிடையில் இராசாத்திக்குள் வேறொன்று வளர்ந்தது. மகளை இளையதம்பி கையில் கொடுத்ததற்குப் பிறகு அவருக்கு ஒரு தகவலும் இல்லை. நல்லா இருக்கிறாள் என்று இளையதம்பி ஒரு தடவை போகிற போக்கில் சொன்னதோடு சரி. ஆறுதல் சொல்ல வந்த பெண்கள் எல்லோரும் வேன்காரனைப் பற்றியே சொன்னார்கள். அவன் கண்ணைப் பார்த்துக் கதைப்பதில்லையே, கவனித்தீர்களா என்று ஒருத்தி கேட்டாள். முதலில் இராசாத்தி மனதுக்குள் சிரித்துக்கொண்டார். பிறகு சிரிக்க முடியவில்லை. தான் கூடப் போகவில்லையே, கொண்டுபோய் விட்டதைக் கண்ணால் காணவில்லையே என்ற நினைப்பு தையல் மெசினுக்கு முன்னால் இருக்கும்போதெல்லாம் வந்தது. பொய்யைத் தானே செய்து ஊருக்குக் கொடுத்தவர், அந்தப் பொய் உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயப்படத் தொடங்கினார்.

கடைசியில் அவர் சேலை வாங்கப்போவதாகச் சொல்லிக் காத்தான்குடிக்குப் போனார். ஜெமீலா என்ற பெயரையும் சேலை வியாபாரத்தையும் மட்டும் வைத்து விசாரித்து, பின்னேரமளவில் வீட்டைக் கண்டுபிடித்தார். ஜெமீலா வாசலுக்கு வந்தார். இதற்கு முன் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இராசாத்தி தாழ்ந்த குரலில், மேனுகாவின் தாய் வந்திருப்பதாகச் சொன்னார்.

ஜெமீலாவின் முகம் மாறவில்லை. தாய்க்கு வீடு தெரியாது என்று இளையதம்பி சொல்லியிருந்தார். அப்படியானால் தாய் என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்பது யார்? ஒழுங்கை முனையில் நிற்கும் ஆட்டோவில் இருப்பது யார்?

"அப்பிடி ஒரு புள்ளையும் இஞ்ச இல்ல. நீங்க பிழையான ஊட்டுக்கு வந்திருக்கீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

இராசாத்தி எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே நினைவில்லை.

மறுநாள் தவணையின் கடைசி நாள். பிள்ளைகள் தேர்ச்சி அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலால் வெளியே வந்தார்கள். இளையதம்பியின் வேன் சற்றுத் தள்ளி நின்றது. யதுசா முன் சீட்டில் ஏறியிருந்தாள். இராசாத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இளையதம்பியின் சட்டையைப் பிடித்தார்.

"என்ட மகள் எங்கடா? உன்ட கையிலதானே குடுத்தன், எங்க கொண்டு வித்த?"

அவ்வளவுதான். அந்த வார்த்தைக்காகத்தான் கூட்டம் காத்திருந்தது போல இருந்தது. பிள்ளைகளை அழைக்க வந்த தகப்பன்மார்கள் ஓடி வந்தார்கள். முதல் அடி முகத்தில் விழுந்தது. யாரோ ஓலைப் பந்தலின் கம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்து வேனின் கண்ணாடியில் அடித்தார்கள். உள்ளே இருந்த யதுசா அலறினாள். ஜெயரூபன் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கி எடுத்தார்.

கீழே விழுந்த இளையதம்பி ஒரு சொல் சொல்லியிருந்தால் அடி நின்றிருக்கும். வாயும் திறந்ததுதான். அப்போது, அடிப்பவர்களின் கால்களுக்கு இடையால், மதிலோரம் நின்ற மோட்டார் சைக்கிளைக் கண்டார். அதன்மேல் அவன் இருந்தான். அடிக்கவுமில்லை, தடுக்கவுமில்லை. கீழே கிடப்பவன் என்ன சொல்லப்போகிறான் என்று கேட்பவன்போலக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தான். இளையதம்பி வாயை மூடிக்கொண்டார்.

ஜெயரூபனும் அதிபரும்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கை முறிந்திருந்தது.

செய்தி மீன் வியாபாரிகள் வழியாகக் காத்தான்குடிக்கும் போனது. ஜெமீலா அப்போதுதான் பதறினார். முதல்நாள் வாசலில் நின்ற பெண்ணின் குரலைக் கேட்டுப் பின்னறையில் இருந்த மேனுகா எழும்பி ஓடி வந்ததும், றமீஸா அவளுடைய வாயைப் பொத்திப் பிடித்ததும் உண்மை. அம்மாதான் என்று அவள் அழுதபோது, உன் அம்மாவின் பின்னால் வேறு யார் வந்திருப்பார்கள் என்று தெரியாது என்று ஜெமீலா சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் ஒரு மூட்டை சேலையைக் கட்டிக்கொண்டு அவர் கல்லடிக்கு வந்தார். இராசாத்தி வீட்டில் அயலட்டைப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். துக்க வீட்டுக்குச் சேலை விற்க வந்திருக்கிறாளே என்று முறைத்தார்கள். இராசாத்தி அவரை அடையாளம் கண்டு எழும்பினார். ஏதாவது கத்திவிடுவதற்குள், தைக்கக் கொடுத்த சட்டையின் அளவு பார்க்க வேண்டும் என்று சொல்லி, ஜெமீலா அவருடைய கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். போனை எடுத்து இலக்கத்தை அழுத்தி இராசாத்தியின் காதில் வைத்தார்.

"அம்மா, நான் இஞ்சதான் இரிக்கன். முந்தாநேத்து உங்கட குரல் கேட்டது. வெளியில வர விடல்ல."

இராசாத்தி சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தார். வெளியே பெண்கள் காதைக் கொடுத்துக்கொண்டிருந்ததால் அழவும் முடியவில்லை. ஜெமீலா அவருடைய முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, வந்த முகத்தோடே வெளியே போகும்படி சொன்னார்.

அன்றிலிருந்துதான் இராசாத்தியின் உண்மையான துன்பம் தொடங்கியது. மகள் இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. தன்னால் ஒரு மனிதன் கை முறிந்து கிடக்கிறான் என்பதும் தெரிந்துவிட்டது. இளையதம்பி குற்றமற்றவர் என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். இராசாத்தியால் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கவும் முடியாது, சோறு அனுப்பவும் முடியாது. ஜெமீலாதான் போய் நடந்ததைச் சொன்னார். இளையதம்பி கேட்டுக்கொண்டு கிடந்தார். பிள்ளை பத்திரமா என்று மட்டும் கேட்டாராம்.

சித்திரை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியபோது அவர் கல்லடியில் இல்லை. யதுசாவைக் கூட்டிக்கொண்டு வாழைச்சேனைக்குப் போய், கை ஆறியதும் துறைமுகத்தில் இருந்து வேனில் மீன் ஏற்றும் வேலையைப் பிடித்துக்கொண்டார். குற்றவாளி ஓடிவிட்டான் என்று கல்லடியில் பேசிக்கொண்டார்கள். மோட்டார் சைக்கிள்காரன் அதற்குப் பிறகும் சில நாள் வந்தான், பிறகு வரவில்லை. அவன் யாருடைய ஆள் என்று இன்றுவரை இரண்டு கதை உண்டு.

மேனுகா காத்தான்குடியில் ஜெமீலாவின் தூரத்து உறவுக்காரப் பிள்ளையாக இரண்டு வருடம் இருந்தாள். ஆறு மாதத்தில் அவளுடைய பேச்சே மாறிவிட்டது. ஆனாலும் அயலார், இவள் எந்த ஊர், ஏன் பள்ளிக்குப் போவதில்லை என்று கேட்கத் தொடங்கினார்கள். ஜெமீலா அவளைக் கொழும்பில் இருந்த தன் தங்கை ஸகியாவின் வீட்டுக்கு அனுப்பினார். அங்கே தையல் பழகினாள். இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் போர் முடிந்தது. அதற்குப் பிறகும் இராசாத்தி உடனே கூப்பிடவில்லை. முடிந்தது உண்மைதானா என்று சில மாதம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மகள் பஸ்ஸில் வந்து இறங்கியபோது, காணாமற்போனவள் திரும்பிவிட்டாள் என்று ஊரே வாசலில் கூடியது.

அந்தக் கூட்டத்துக்கு முன்னால் இராசாத்தி எல்லாவற்றையும் சொன்னார். கேட்டவர்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். சிலர் நம்பவில்லை. அந்த வேன்காரன் ஏதோ செய்து, இப்போது தாயும் மகளும் சேர்ந்து மூடிமறைக்கிறார்கள் என்றார்கள்.

அடுத்த நாள் தாயும் மகளும் வாழைச்சேனைக்குப் போனார்கள். இளையதம்பி துறைமுகத்தில் மீன் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். மேனுகாவைக் கண்டதும், நன்றாக வளர்ந்துவிட்டாய் பிள்ளை என்றார். இராசாத்தி குனிந்து அவருடைய காலைத் தொடப்போனார். அவர் பின்னால் விலகிக்கொண்டார். அன்று ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று இராசாத்தி அழுதபடி கேட்டபோது, மோட்டார் சைக்கிள்காரன் நின்றதை முதன்முதலாகச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் தேவல்ல, தங்கச்சி. பின்னேரம் யதுசா பள்ளிக்கூடம் விட்டு வருவாள். அவளுக்கு உங்கட வாயால சொல்லிட்டுப் போங்க."

அவர்கள் இருந்து, யதுசா வந்ததும் சொன்னார்கள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. எல்லாவற்றையும் கேட்டு முடித்தபிறகு அவள் தகப்பனைப் பார்க்கவில்லை, மேனுகாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்து, முதல் கோப்பையைத் தகப்பனுக்குக் கொடுத்தாள்.

கல்லடியில் இருந்து அதிபரும் ஜெயரூபனும் வந்து, திரும்ப வந்து வேன் ஓட்டும்படி கேட்டார்கள். இளையதம்பி மரியாதையாக மறுத்துவிட்டார். அவருக்கு அந்த ஊரில் கோபம் ஒன்றுமில்லை என்றும், ஆனால் பிள்ளைகளை ஏற்றும்போது தாய்மாரின் முகத்தைப் பார்க்க இனி முடியாது என்றும் சொன்னாராம். மேனுகா கல்லடியில் தையல் வகுப்பு நடத்துகிறாள். நோன்புப் பெருநாளுக்குத் தாயும் மகளும் காத்தான்குடிக்குப் போவார்கள். இளையதம்பியும் யதுசாவும் வந்திருப்பார்கள். எல்லோரும் ஜெமீலா வீட்டில் ஒரே பாயில் இருந்து சாப்பிடுவார்கள். இராசாத்தி மட்டும் இன்றுவரை இளையதம்பிக்கு நேரே இருந்து சாப்பிட்டதில்லை, குசினிக்குள் அடுப்படியில் ஜெமீலாவோடு நின்றுகொள்வார்.